கண் கழுவின நேரம்

— போட மாட்டேன்னு சொல்லல நோனா. கை வரல, அவ்வளவுதான்.

— கை வரல்லண்டா என்ன கதை கலா? ஒம்பது மணிக்கி ஒப்பரேஷன் தியேட்டருக்கு எடுக்கோணும் எண்டு நேர்ஸ் மிஸ் செல்லிட்டு போன. இப்ப எட்டேகால். கையெழுத்து இல்லாம ஒன்ன உள்ளுக்கு எடுக்க மாட்டாங்க.

— எடுக்காட்டி போகட்டும். ஹந்தானைக்கி ஒம்பதரைக்கி ஒரு பஸ்ஸு இருக்கு. அதுல ஏறுனா மத்தியானத்துக்கு மேல கொழுந்து எடுக்கவே போயிருவேன்.

— மூணு மாசம் நின்டு எடுத்த திகதி புள்ள இது.

— தெரியுங்க. நீங்க நின்னுதான் எடுத்தீங்க. நா கிளினிக்கு வந்த அத்தன நாளும் குண்டசாலையில இருந்து பஸ்ஸு மாறி வந்து எனக்கு முன்னாடி வரிசையில நின்னது நீங்கதான். வீட்டு வேலைக்கி இருந்தவ வேலைய விட்டுப் போயி ரெண்டு வருஷம். இன்னும் கூடவே வர்ற நோனாவ நா எங்கயும் பாத்ததில்லங்க. எங்க தோட்டத்து லயத்துல ஒங்கள தெய்வம்னு சொல்றாங்க.

— அப்பிடி செல்லாத.

— நாஞ் சொல்லல, அவுங்க சொல்றாங்க.

— அவங்களுக்கும் செல்ல வேணாமெண்டு செல்லு. ஒனக்கி குளிருதா? ஜன்னல சாத்தவா?

— வேணாம். தெறந்தே இருக்கட்டும். அந்தா தெரியுது பாருங்க, ஹந்தானை மல. எங்க லயத்துக்கு மேல இருக்குற மரம்கூட தெரியுது. இந்தக் கண்ண மூடிட்டு அந்தக் கண்ணால பாத்தா எல்லாம் பால ஊத்துன மாதிரி இருக்கு.

— அதுக்குத்தானே ஒப்பரேஷன் செய்யப் போற.

— மொதல்ல கத்தி வக்கிறது இந்த நல்ல கண்ணுலதானே.

— டொக்டர் செல்லித் தந்த நேரம் நீ தலைய தலைய ஆட்டின. வெளங்கல்லயா?

— வெளங்குச்சுங்க. நல்ல கண்ணு ஓரத்துல கொஞ்சம் வெட்டி எடுத்து, சின்னச் சின்னதா நறுக்கி, கெட்ட கண்ணு மேல நட்டு வப்பாங்க. தேயிலக் கன்னு போடற மாதிரி. அது வேரு புடிச்சு படந்தா ஒரு வருஷத்துக்குப் பொறகு புது கோர்னியா, அந்த முழிக்கி மேல இருக்குற கண்ணாடித் தோலு, வப்பாங்க. எல்லாம் வெளங்குச்சு. அதாலதான் கை வரல.

— நல்ல கண்ணுக்கு ஒண்டும் ஆகாதெண்டு அவர் எத்தின விசை சென்ன.

— டாக்டரு சொன்னாரு. ஆனா வீட்டுக்குப் போயி அதுக்கு மருந்து விடப் போறது யாரு? நாந்தானே. என் கையி எப்புடிப்பட்ட கையின்னு ஒங்களுக்குத் தெரியாதா?

— என்னத்துக்கு இப்ப அந்தக் கதை.

— இருக்குற ஒரு கண்ணயும் கெடுத்துக்கிட்டேன்னா யாரு நோனா எனக்குச் சோறு போடுவா? இப்பவே கொழுந்து எடுக்கயில கை செடிக்கி முன்னாடியே மூடிக்கிது. தூரம் தெரிய மாட்டேங்குது. தேத்தண்ணி ஊத்துனா கோப்பைக்கி வெளிய போவுது. போன மாசம் தண்ணிக் கான்ல கால வச்சு விழுந்து முட்டி பேந்துருச்சு. ஆனாலும் ஒரு கண்ணு இருக்கு. இதுவும் போச்சுன்னா?

— போகாது. மெய்யா செல்றன், போகாது.

— அக்கா, கையெழுத்து வைச்சாச்சோ?

— இன்னும் இல்ல மிஸ். பயப்படுறா.

— பயம் வாறதுதான். அக்கா, இஞ்ச பாருங்கோ. நல்ல கண்ணில எடுக்கிறது ரெண்டு மில்லிமீட்டர். ஒரு அரிசியில பாதிகூட இல்லை. கறுப்பு முழியும் வெள்ளையும் சேருற ஓரம் இருக்கெல்லோ, அதுக்குள்ளதான் கண்ணின்ர மேல்தோலை ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கிற விதை இருக்கு. உங்கட மற்றக் கண்ணில கோஸ்டிக் சோடா அந்த ஓரத்தையே எரிச்சுப் போட்டுது. விதை இல்லாத நிலத்தில என்னத்தை வைச்சாலும் நிக்காது. அதுதான் முதல்ல விதை.

— நல்ல கண்ணுல எடுத்த எடம்?

— அது தானா மாறீடும். ஒரு கிழமை உறுத்தும், அவ்வளவுதான். ஆனா ஒண்டு, இண்டைக்கு ரெண்டு கண்ணும் கட்டித்தான் வெளிய வருவீங்கள். நல்ல கண்ணை நாளைக்குத்தான் அவிழ்ப்பம். அதுவரைக்கும் பக்கத்தில ஒருத்தர் நிக்கோணும். ஆர் நிக்கிறது?

— நான் நிக்கிறன் மிஸ். பாயிஸா எண்டு எழுதுங்க.

— சொந்தக்காரரோ?

— இல்ல... எங்கட வூட்டுலதான் வேல செஞ்ச. எங்கட வூட்டுலதான் இது நடந்த.

— ஓ. சரி. அக்கா, இதையும் ஒருக்கா கேக்கோணும். பழைய கொப்பியில "சம்பவம் நடந்த உடனே அரை மணித்தியாலம் தண்ணியால கழுவப்பட்டது" எண்டு இருக்கு. சரிதானே?

— அர மணி நேரமா? இல்லங்க மிஸ். கொஞ்ச நேரந்தான். அஞ்சு நிமிஷம் இருக்கும். பொறவு தண்ணி நின்னு போச்சு.

— அஞ்சு நிமிஷமோ? இதில அரை மணித்தியாலம் எண்டெல்லோ கிடக்கு. ஆர் சொன்னது?

— அது... அண்டைக்கி நான் தான் கூட்டிட்டு வந்த. எல்லாரும் பதறிப்போய் நின்ட நேரம்...

— அப்ப ரெண்டு பேரும் யோசிச்சு சரியானதைச் சொல்லுங்கோ. உள்ளுக்கு டொக்டர் திரும்பக் கேப்பார். சோடா மாதிரிச் சாமான் கண்ணில பட்டா, முதல் அரை மணித்தியாலத் தண்ணிதான் பாதி வைத்தியம். எவ்வளவு எரிஞ்சிருக்கும் எண்டுறது அதை வைச்சுத்தான். நான் மற்ற ஆளுக்கு மருந்து விட்டிட்டு வாறன். அதுக்குள்ள கையெழுத்தை வையுங்கோ, என்ன?

— சரிங்க மிஸ்.

— பாத்தியா, எவ்வளவு நல்லா வெளங்கப்படுத்தின. போடு கலா.

— நோனா, போன தடவ எனக்கு வச்சாங்களே, அந்த மொதக் கண்ண யாரு குடுத்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?

— கோர்னியாவா? அது செல்ல மாட்டாங்க. மௌத்தான ஆரோ ஒரு ஆள். நல்ல மனிசர்.

— அவரோ அவுங்களோ, சாகுறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. யாருக்காச்சும் ஒதவட்டும்னு. அது வந்து சேந்தது எங்கிட்ட. நா அத ஆறு மாசம்கூட வச்சிருக்கல. எட்டாம் நம்பரு லயத்துல வேலாயி அக்கா செத்த அன்னைக்கி, சமச்சுக் குடுக்கணும், தண்ணி தூக்கணும்னு ஓடுனதுல ரெண்டு நேரம் மருந்து விடல. அடுத்த வாரம் கண்ணு செவந்துச்சு. பொறவு வெளுத்துப் போச்சு.

— கலா...

— பேரு தெரியாது, ஆம்பளையா பொம்பளையான்னு தெரியாது. வெள்ளிக்கெழமைக்கி வெள்ளிக்கெழம ஒரு வெளக்கு வச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லிட்டுத்தான் படுக்குறேன். செத்தவுங்க குடுத்த பொருளயே பாதுகாக்கத் தெரியாதவ நா. எங்கிட்ட எதுக்கு நோனா இன்னொண்ணு? அதுவும் எங்கண்ணயே வெட்டி?

— எத்தின நாளா வெளக்கு வக்கிற?

— ஒரு வருஷம் தாண்டிருச்சு. ஏன் நோனா, அழுறீங்களா?

— இல்ல.

— நீங்க அழுகாதீங்க. நீங்க என்னா செய்வீங்க. நீங்க அன்னைக்கிக்கூட திட்டல. மருந்து ஒழுங்கா விட்டியான்னு மட்டும் கேட்டீங்க.

— அத கேட்டிருக்கப் படாது நான்.

— கேக்கத்தானே வேணும்.

— கலா, இந்தப் பக்கம் திரும்பு. என்னப் பாரு. அந்தக் கண்ண நீ கெடுக்கல்ல.

— ஆறுதலுக்குச் சொல்றீங்க.

— ஆறுதலுக்கு இல்ல. நீ மருந்து விட்டிருந்தாலும் விடாட்டியும் அது நிக்கிய சாமான் இல்ல. அத வக்கிறதுக்கு முன்னுக்கே டொக்டர் எனக்கி சென்ன. "ஓரம் முழுக்க எரிஞ்சு போய் ஈக்கி. இதுக்கு மேல கோர்னியா மட்டும் வெச்சா பத்துல ரெண்டு பங்கு கூட நம்பிக்கை இல்ல. மத்தக் கண்ணால எடுத்து மொதல்ல ஓரத்த சரிப்படுத்தோணும், ஒண்டரை வருஷம் பொறுக்கோணும்" எண்டு சென்ன.

— இந்த ஒப்பரேஷனா?

— இதே ஒப்பரேஷன்.

— அப்பவே சொன்னாங்களா?

— அப்பவே சென்ன. அந்த தனியார் ஆஸ்பத்திரியில, நீ வெளிய வாங்குல குந்தி ஈந்த. நான் உள்ளுக்கு தனியா போன. வெளிய வந்து ஒனக்கி என்ன சென்ன, ஞாபகம் ஈக்கா?

— "எல்லாம் சரிவரும், புதுக் கண்ணு வெக்கப் போறாங்க"ன்னு சொன்னீங்க.

— கோர்னியா மட்டும் வெச்சுத் தாங்க, மத்தத பொறகு பாப்பம் எண்டு டொக்டர நச்சரிச்சது நான்தான். அவர் ரெண்டு விசை யோசிக்கச் சென்ன. நான் கேக்கல்ல.

— ஏன் நோனா?

— மக ஜஹானாட கலியாணம் மூணு மாசத்துல ஈந்த.

— அதுக்கும் என் கண்ணுக்கும் என்னாங்க?

— நீ கலியாணத்துக்கு வருவ. ஜஹானா ஒன்ன வராம வுட மாட்டா, நீ தூக்கி வளத்த புள்ள. ஒன்ட கண்ணப் பாத்து மாப்புள வூட்டாக்கள் கேப்பாங்க, என்ன நடந்த, எங்க நடந்த, எப்பிடி நடந்த எண்டு. அதுக்கு முன்னுக்கு கண்ணு தெளிஞ்சிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க எண்டு நான் நெனச்ச. அவ்வளவுதான். வேற ஒண்டும் இல்ல. அவ்வளவு சின்னக் காரணம்.

— கலியாணத்தன்னைக்கி கண்ணு தெளிவாத்தான் இருந்துச்சு.

— ஓ. ஒரு ஆளும் கேக்கல்ல.

— பொறவு அது கெட்டப்போ, ஏன் எங்கிட்ட மருந்தப் பத்திக் கேட்டீங்க? ஒங்களுக்குத்தான் காரணம் தெரியுமே.

— வாயில வந்த. கேட்ட ஒடனே நீ அழுது கொண்டு சென்ன, வேலாயிட மையத்து வூட்டண்டு ரெண்டு நேரம் விடல்ல எண்டு. நீயே பழிய எடுத்து ஒன்ட தலையில வெச்ச. எனக்கி லேசாப் போன. "சரி, நடந்தது நடந்து போச்சு" எண்டு பெரிய மனசுக்காரி மாதிரி செல்லிட்டு வூட்டுக்கு போன.

— அப்ப ஒரு வருஷமா நா மன்னிப்பு கேட்டதெல்லாம்...

— என்ட பேரச் செல்லி கேட்டிருக்கோணும்.

— ஒங்க பேரச் சொல்லியா?

— திட்டி ஏசு கலா. ஏதாவது செல்லு.

— ரெண்டு நேரம் மருந்து விடாததால இல்ல.

— இல்ல.

— மெய்யாவா?

— அல்லாட மேல ஆணையா.

— ஒரு மாதிரியா இருக்கு நோனா. கோவப்படணும்னு தெரியுது. ஆனா நெஞ்சுல இருந்து ஏதோ எறங்குது. அந்த ஆளு கண்ண நா அழிக்கல.

— நீ அழிக்கல்ல.

— நல்ல காலம் சொன்னீங்க. சொல்லாம விட்டிருந்தா நா செத்தாலும் அந்த நெனப்போடதான் செத்திருப்பேன். வேற யாரும்னா இத சொல்லியே இருக்க மாட்டாங்க. ஒங்க மனசு யாருக்கு வரும்.

— கலா, வேணாம்.

— அந்தப் பேனாவ எடுங்க. எங்க போடணும்? இந்தக் கோட்டு மேலயா?

— பொறு.

— இவ்வளவு நேரம் போடு போடுன்னீங்க!

— பொறு புள்ள. என்ன நல்லவ எண்டு செல்லிட்டு நீ கையெழுத்து போட ஏலா.

— சரி, அந்த அர மணி நேரத்தயும் மிஸ்ஸு வந்தா நீங்களே சொல்லிருங்க. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டோம்னு. அஞ்சு நிமிஷந்தான் கழுவுனோம், பொறவு டாங்கியில தண்ணி முடிஞ்சிருச்சுன்னு. நடந்தத நடந்தபடி எழுதிக்கிறட்டும்.

— முடியல்ல.

— என்னா முடியல?

— டாங்கியில தண்ணி முடியல்ல.

— நின்னு போச்சே நோனா. நா பின்னுக்குப் பைப்படியில முட்டிக்கால் போட்டு தலையக் குடுத்துக்கிட்டு இருக்கேன், கொழ கொழன்னு கண்ணுக்குள்ள ஏதோ உருகுற மாதிரி இருக்கு, தண்ணி பட்டா கொஞ்சம் அடங்குது. அப்புடியே நூல் மாதிரி கொறஞ்சு நின்னு போச்சு. "தண்ணி முடிஞ்சிட்டு புள்ள"ன்னு நீங்கதானே சொன்னீங்க.

— சென்ன. பொய் சென்ன.

— அப்ப தண்ணி?

— குசினிச் சுவர்ல ஒரு வால்வு ஈக்கி தெரியும் தானே. அத நான் மூடின.

— நீங்களா?

— என்ட கையால. இந்தக் கையால.

— எதுக்கு?

— அண்டைக்கி ஜஹானாவப் பாக்க மாப்புள வூட்டாக்கள் நாலு மணிக்கி வாற. பதினெட்டுப் பேர். அவங்க கை கால் கழுவி ஒழு எடுத்து அஸர் தொழோணும், கக்கூஸுக்கு போகோணும், கோப்பை பீங்கான் கழுவோணும். ரெண்டு நாளா பைப்புல தண்ணி வரல்ல. ஈந்த ஒரே தண்ணி மேல் டாங்கித் தண்ணி. அடைச்ச குழாய சரி செய்ய ஒனக்கி சோடாவ தந்ததும் அவங்க வாறதுக்காகத்தான். நீ கத்தின சத்தம் கேட்டு ஓடி வந்த நேரம் நான் பதறின, அது பொய் இல்ல. தலைய பைப்புக்குள்ள புடிச்சது நான்தான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். பொறகு தண்ணி கானுல ஓடுறத பாத்த. முழுப் பைப்பும் தொறந்து ஓடுது. இப்பிடி ஓடினா நாலு மணிக்கி ஒரு சொட்டும் மிஞ்சாது எண்டு நெனச்ச. அஞ்சு நிமிஷம் கழுவின காணும், மத்தத ஆஸ்பத்திரியில கழுவுவாங்க எண்டு நெனச்ச. போய் மூடின.

— நா கத்திக்கிட்டு இருந்தேன்.

— நீ கத்திக் கொண்டுதான் ஈந்த.

— த்ரீவீல் வர நேரமாச்சே. ஈரத் துணிய கண்ணுல வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வாசல்ல குந்தியிருந்தேன்?

— இருவத்தஞ்சு நிமிஷம். நான் மணிக்கூட்ட பாத்து பாத்து நின்ட. வால்வ திருப்பித் தொறந்து விட ஏழு எட்டு அடி நடந்தா போதும். தொறந்தா, மூடினது ஒனக்கி வெளங்கிப் போகும். அதால நடக்கல்ல.

— ஆஸ்பத்திரியில அர மணி நேரம் கழுவுனேன்னு சொன்னது?

— தண்ணி எவ்வளவு நேரம் ஊத்தினீங்க எண்டுதான் டொக்டர் மொதல்ல கேட்ட. அந்தக் கேள்விலயே எனக்கி வெளங்கிட்டு நான் என்ன செஞ்சிட்டன் எண்டு. வாய் தானா அரை மணித்தியாலம் எண்டு செல்லிட்டு.

— அந்தப் பதினெட்டுப் பேரும் வந்தாங்களா?

— வந்த. தேத்தண்ணி குடிச்ச, வட்டிலப்பம் சாப்பிட்ட, சம்மதம் எண்டு செல்லிட்டு போன. அடுத்த நாள் விடிய சுபஹுக்கு எழும்பின நேரம் டாங்கி நெறஞ்சு கூரையால வழியுது. ராவோட ராவா பைப்புல தண்ணி வந்திருந்த. அந்தச் சத்தம் இன்னும் காதுல ஈக்கி. மழை பெய்ஞ்சாலும் எழும்பி குந்திக் கொள்ற.

— நோனா, ஒண்ணு கேக்குறேன். நீங்க மூடுனப்போ டாங்கியில எவ்வளவு தண்ணி இருந்துச்சு?

— பாதிக்கி மேல.

— சரியா சொல்லுங்க. பாதிக்கி மேலயா?

— பாதிக்கி மேல. விடிய கணேஸ் வந்து கெணத்து மோட்டர போட்டு ஏத்திட்டுத்தானே போன. கெணத்துலயும் தண்ணி கொறவு, அதால முழுக்க நெறயல்ல. ஏன்?

— எங்க வீட்டுக்காரரு வந்து ஏத்துனாரா?

— ஏத்தின. நான் மேல ஏறிப் பாத்த. அண்டைக்கி அவர்ட வேலையே அது தானே. ஏன் அத கேக்கிற?

— சும்மா கேட்டேன்.

— கலா, மொகம் ஒரு மாதிரி போகுது. தண்ணி குடிக்கியா? ஐயோ, குடிக்கப் படாது எண்டு சென்ன. கொஞ்சம் சாஞ்சு கொள்றியா?

— வேணாம்.

— என்ன மன்னிக்கச் செல்லி கேக்க எனக்கி வாய் இல்ல. நீ பொலிசுக்கு போனாலும் நான் வந்து இதையே செல்லுவன். ஆனா இந்த ஒப்பரேஷன வேணாமெண்டு மட்டும் செல்லிடாத. என்னால ரெண்டாந்தரமும் ஒன்ட கண்ணு போகப் படாது.

— அக்கா, என்ன மாதிரி? ஆக்கள் வந்திட்டினம், தள்ளுவண்டியும் வருது.

— குடுங்க மிஸ். எங்க போடணும்?

— இதில. ஓம், அந்தக் கோட்டுக்கு மேல. அப்ப பயம் போட்டுது?

— பயம் இருக்குங்க. ஆனா என் கையி கெட்ட கையி இல்லன்னு தெரிஞ்சிருச்சு. இந்தாங்க.

— வடிவான கையெழுத்து. சரி, அந்த அரை மணித்தியாலம்?

— நோனா சொல்லுவாங்க.

— மிஸ், அஞ்சு நிமிஷம்தான் கழுவின. அரை மணித்தியாலம் எண்டது பொய். தண்ணி ஈந்த. நான்தான் மூடின.

— நீங்களோ? ஏனம்மா?

— வூட்டுக்கு ஆக்கள் வாறதுக்கு ஈந்த.

— அதுக்காகவோ மூடினீங்கள்?

— அப்பிடியே எழுதுங்க மிஸ். என்ட பேரையும் போட்டு எழுதுங்க.

— அஞ்சு நிமிஷம் எண்டு எழுதுறன். மற்றதை எழுத இந்தத் தாளில இடமில்லை. சரி அக்கா, நகை ஏதும் போட்டிருக்கிறீங்களோ? தோட்டைக் கழட்டித் தாங்கோ. பாயிஸா அம்மா, நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ. முடிஞ்சதும் கூப்பிடுவன்.

— இல்லங்க மிஸ். அந்தப் பேர வெட்டிருங்க.

— என்ன பேரை?

— கூட நிக்கிற ஆளு பேர. இவுங்க வேணாம். ரெண்டு கண்ணையும் கட்டிக்கிட்டு கெடக்கயில இவுங்க கையப் புடிச்சுக்கிட்டு என்னால கெடக்க முடியாது.

— கலா...

— கோவத்துல சொல்லல நோனா. முடியாதுன்னுதான் சொல்றேன்.

— அப்ப ஆர் நிக்கிறது அக்கா? ஒருத்தர் இல்லாம நான் உங்களை அனுப்ப ஏலாது.

— ஒரு நிமிஷம் குடுங்க மிஸ். போன் ஒண்ணு எடுக்கணும். நோனா, ஒங்க போனக் குடுங்க. என் நம்பர்ல இருந்து எடுத்தா பேச மாட்டாரு.

— ஆருக்கு?

— எங்க வீட்டுக்காரருக்கு.

— கணேஸுக்கா? அவர் ஹேவாஹெட்டயில தோட்ட வேலக்கி போய் ஈக்கிறண்டு தானே சென்ன. லீவு எடுத்துக் கொண்டு வர ஏலுமா?

— வேலைக்கிப் போகல அவரு.

— பின்ன?

— தங்கச்சி வீட்டுல இருக்காரு. நாந்தான் போகச் சொன்னேன்.

— ஏன் கலா? ஏன் போகச் சென்ன?

— நம்பரு தட்டிட்டேன். சத்தம் போடாதீங்க... ஹலோ. ஹலோ, நாந்தாங்க. கலா... வைக்காதீங்க. கையெடுத்துக் கும்புடுறேன், வைக்காதீங்க. ஒரு வார்த்த.

— யா அல்லாஹ், கலா, என்ன செஞ்சிட்டன் நான்...

— ஆமாங்க, கண்டி ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். இன்னைக்கி ஒப்பரேஷன்... காசு வேணாம். அதுக்கு எடுக்கல... ரெண்டு வருஷமா மோட்டரு போட்டேன் போட்டேன்னு நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. நா காது குடுக்காம, குடிச்சிட்டுப் படுத்தவனே, மோட்டரு போடாம என் கண்ணக் கொன்னவனேன்னு லயத்துக்கே கேக்குற மாதிரி கத்தி ஒங்கள வெரட்டி விட்டேனே... இல்லங்க, திரும்பத் திட்டுறதுக்கு எடுக்கல. கேளுங்க.

— அக்கா, தள்ளுவண்டி வந்திட்டுது.

— வந்துட்டேன் மிஸ்... கேக்குதாங்க? அன்னைக்கி டாங்கியில தண்ணி இருந்துச்சாம்.